பட்டறை மேசைக்கு நெருப்புக் காப்பு



தெமியாங் வட்டாரத்துத் தோட்டப் பட்டறைகளில் அடிக்கடி எழும் கேள்வி இது: "அண்ணே, மேசைக்கு என்னத்தைப் பூசினா நெருப்புப் பிடிக்காது, சீக்கிரம் தேயாது?"

நியாயமான கேள்விதான். டிராக்டர் சாமான், புல்வெட்டும் மெஷின், லோரி சக்கரம் எல்லாம் ஏறி இறங்குகிற மேசை அது. ஒரு பக்கம் வெல்டிங் பொறி. இன்னொரு பக்கம் டீசல் நனைந்த துணி. தீப்பிடித்தால் வேகப்போவது மேசை மட்டுமல்ல, அங்கே நிற்கிறவனின் கையும் முகமும்தான்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மரத்தை எரியவே எரியாமல் ஆக்கும் பூச்சு எதுவும் கிடையாது. நெருப்பு பரவுவதைத் தாமதப்படுத்தலாம், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில நிமிடத்தில்தான் ஆள் தப்பிக்கிறான், தீயை அணைக்கிறான்.

இன்றைய மேசைப் பலகை பெரும்பாலும் நம்ம பால்மரம். 1877-ல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்து சேர்ந்த மரம். பாட்டன் காலத்தில் பால் வற்றிச் சாய்த்த மரம் வெறும் விறகு. புகைக்கூட்டுக்கும் செங்கல் சூளைக்கும் போகும். அதில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாளில் நீலம் பாயும், வண்டு துளைத்துத் தூளாக்கிவிடும். மரத்தை உடனே அறுத்து, போரான் உப்பை அழுத்தத்தில் உள்ளே ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகே, 1980-களில் அந்த விறகு ஏற்றுமதி நாற்காலி ஆனது.

"மருந்து ஏத்துன பலகைதானே, நெருப்புக்கும் தாங்கும்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். வண்டைத் தடுக்கக் கொஞ்சம் உப்பு போதும். நெருப்பைத் தடுக்கப் பல மடங்கு வேண்டும்.

உப்பால் தீயை அடக்குவது பழைய வித்தை. பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி கே-லுசாக், நாடகக் கொட்டகைத் துணிகளுக்காக 1821-லேயே போராக்ஸை எழுதிவைத்தார். போராக்ஸ் சுவாலை பரவுவதைக் குறைக்கும். போரிக் ஆசிட் கனன்று புகைவதை அடக்கும். ஆகவே இரண்டும் சேரவேண்டும். 10 லிட்டர் சுடுதண்ணீரில் 900 கிராம் போராக்ஸ், 600 கிராம் போரிக் ஆசிட் கரையுங்கள். பழைய வார்னிஷ், எண்ணெய்க் கறையைச் சுரண்டி எடுத்துவிட்டு, காய்ந்த பலகையில் மூன்று நான்கு தடவை பூசுங்கள். ஒவ்வொரு தடவையும் நன்றாகக் காயவிடுங்கள். தூரிகைப் பூச்சு மேலோடுதான் நிற்கும், ஆழமாய் இறங்காது. தண்ணீர் பட்டால் கரைந்தும் போகும். அதனால் மேலே வார்னிஷ் அடிக்கவேண்டும். வார்னிஷ் தேய்மானத்துக்கும் ஈரத்துக்கும்தான். அதுவும் எரியும் சரக்கே.

ஜாக்கிரதை! இது பார்க்கச் சமையல் உப்பு மாதிரி இருக்கும். தேத்தண்ணி டப்பா பக்கம் வைக்காதீர்கள். பெயர் எழுதிப் பூட்டி வையுங்கள். கையுறை போடுங்கள். கர்ப்பிணிகள் தொடவேண்டாம்.

பலகை கனமாக, இரண்டு அங்குலம் இருக்கட்டும். தடித்த மரம் நிமிடத்துக்கு முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் கரியாகும். மெல்லிய பலகை சீக்கிரம் போய்விடும். பழைய ரயில் சிலிப்பர் கட்டை வேண்டாம். அதில் ஊறியிருக்கும் தார் எண்ணெய் நெருப்புக்குத் தீனி. தேய்மானத்துக்கு எளிய வழி, மேலே ஒரு பலகையைத் திருகாணியால் பொருத்துவது. தேய்ந்ததும் அதை மட்டும் மாற்றலாம். ஓரத்துக்கு இரும்புப் பட்டை அடியுங்கள்.

வெல்டிங் செய்வதானால் முழு இரும்பு மேசைதான் சரி. வழியில்லை என்றால் கனமான கறுப்பு இரும்புத் தகட்டை, மரத்துக்கும் தகட்டுக்கும் இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். நாகம் பூசிய தகரம் ஆகாது. அந்தப் புகையை இழுத்தவனுக்கு மலேரியா போல ராத்திரி நடுக்கம் வரும். பழைய அஸ்பெஸ்டாஸ் ஷீட் கூடவே கூடாது. அதன் தூசு நுரையீரலில் புற்றுநோய் கொண்டுவரும். பொறி 35 அடி தூரம்கூடப் பறக்கும். வேலை முடிந்தபின் ஒரு மணி நேரம் ஒருவர் கண் வைத்திருக்கவேண்டும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தீக்குச்சி இல்லாமலே தானாகப் பற்றும். தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட தகர டின்னில் போடுங்கள்.

இதற்கெல்லாம் காசு யார் தருவது? தொழிலாளி பாக்கெட்டிலிருந்து அல்ல! 1994-ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பாதுகாப்பான வேலையிடத்தை முதலாளியின் கடமை ஆக்கியிருக்கிறது. நாற்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்கவேண்டும். 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்கவில்லை என்றால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம்.

எனவே தோழர்களே, உப்பைக் கரைப்பதோடு நிறுத்தாதீர்கள். இரும்புத் தகடு, மூடி போட்ட டின், தீயணைப்பான் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். மனுவின் நகலைச் சங்கத் தலைவரிடம் கொடுத்து வையுங்கள். வாயால் கேட்டது காற்றோடு போகும். எழுதிக் கேட்டதற்கு மானேஜர் பதில் சொல்லியாகவேண்டும்.