ஃப்ரிட்ஜ் இல்லாத கேம்ப்பிங்... ரெண்டாம் நாள் என்ன சமைக்கலாம்?

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது பாட்டுப் போட்டுக்கொண்டே ஏறிவிடலாம். வாந்தி எடுக்கும் எட்டு வயதுப் பையனை மடியில் வைத்துக்கொண்டு இறங்கினால்தான் அது எவ்வளவு நீளம் என்று தெரியும்.

போன வருஷம் எங்களுக்கு நடந்தது இது. ரெண்டு குடும்பம், ரெண்டு டென்ட், ஒரு ஐஸ் பெட்டி. அதில் இட்லி மாவு, தயிர், பால் பாக்கெட், மசாலா தடவிய கோழி. மறுநாள் காலையில் ஐஸ் எல்லாம் தண்ணி. பால் பாக்கெட் உப்பியிருந்தது, மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியிருந்தது. எல்லாவற்றையும் கொட்டினோம். ராத்திரி மிஞ்சிய சோற்றை மட்டும், ‘நல்லாத்தானே இருக்கு’ என்று முட்டை ஊற்றிக் கிளறிக் கொடுத்தோம். ரெண்டு மணி நேரத்தில் பையன் சுருண்டுவிட்டான். கீழே இறங்கியதும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “நேத்து சோத்தை சூடு பண்ணிக் கொடுத்தீங்களா?”

சூடு பண்ணினால் சரியாகிடாதா?

ஆகாது. அரிசியில் ‘பேசில்லஸ் சீரியஸ்’ என்ற பாக்டீரியாவின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். சோறு கொதித்தாலும் அவை சாவதில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால், அவை முளைத்துப் பெருகி ஒரு நச்சை உண்டாக்குகின்றன. திரும்பச் சூடு பண்ணினால் பாக்டீரியா சாகலாம். நச்சு அப்படியே இருக்கும். வாசனையும் மாறாது, ருசியும் மாறாது. சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி ஆரம்பித்துவிடும். கெட்டுப்போன பால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும், சோறு காட்டிக்கொடுக்காது.

சமைத்த உணவை 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. டென்ட்டில் ராத்திரி முழுக்க மூடி வைத்த சோறு எங்கே நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

‘அப்போ பழைய சோறு?’ என்று கேட்பீர்கள். அதில் தண்ணீர் ஊற்றி வைப்பதால் லாக்டிக் அமில பாக்டீரியா வளர்ந்து புளிக்கிறது. அந்தப் புளிப்பு ஓரளவு காவல். ஆனால் அது வீட்டுப் பானைக்கும் தெரிந்த தண்ணிக்கும் சரி. மலையில் வேண்டாமே.

கட்டுச்சோற்றின் கணக்கு

வெளியூர் போகும்போது பாட்டிமார் புளியோதரை கட்டிக் கொடுத்ததற்குக் காரணம் ருசி மட்டுமில்லை. புளியின் அமிலம், உப்பு, தாராளமாக நல்லெண்ணெய், ஈரம் குறைவு... கிருமிகளுக்குப் பிடிக்காத எல்லாமே அதில் இருக்கிறது. தேங்காயும் வெங்காயமும் சேர்க்க மாட்டார்கள்.

நாம் அதையே இன்னும் கொஞ்சம் பாதுகாப்பாகச் செய்யலாம். கலந்த சோறாக எடுத்துப்போக வேண்டாம். எண்ணெய் பிரியும் வரை வற்றவிட்ட புளிக்காய்ச்சலை பாட்டிலில் எடுத்துப் போய், அங்கே சோறு வடித்துக் கலந்துகொள்ளலாம். தக்காளித் தொக்கு, பருப்புப் பொடி, இட்லிப் பொடிக்கும் இதே கதைதான். ஈரக் கரண்டி மட்டும் உள்ளே போகக் கூடாது.

ரெண்டாம் நாளுக்கு எங்கள் ஓட்டு கொங்கு நாட்டு அரிசிம்பருப்புக்கே. நாலு பேருக்கு ரெண்டு டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பு. சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளியைத் தாளித்து வதக்கி, மஞ்சள் தூள், உப்பு போட்டு, ஆறு டம்ளர் தண்ணீர் ஊற்றி குக்கரை மூடினால் முடிந்தது. தொட்டுக்கொள்ள சுட்ட அப்பளம். வெறும் பாத்திரத்தில் வைத்தால் பருப்பு லேசில் வேகாது. ஏனென்றால், ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் தண்ணீரின் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி குறையும். ஊட்டியில் 93 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். குக்கர் கனம்தான், ஆனால் கேஸ் மிச்சம்.

காலைக்கு, வீட்டிலேயே தாளித்து வறுத்து ஆறவைத்த ரவை போதும். கொதிக்கிற தண்ணியில் கொட்டினால் உப்புமா. பாலுக்குப் பதில் பால் பவுடர். காய்கறியில் கீரை, தக்காளியை முதல் நாளே முடித்துவிட்டு உருளை, கேரட், கோஸை அப்புறம் எடுங்கள். முட்டையைக் கடையில் வெளியே இருந்ததாக வாங்குங்கள். ஃப்ரிட்ஜில் இருந்ததை வெளியே எடுத்தால் ஓட்டில் வேர்க்கும், சீக்கிரம் கெடும். கோழி வேண்டும் என்று அடம்பிடித்தால் முதல் ராத்திரியே சமைத்து, அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், அளவு. அரை டம்ளர் குறைச்சே வையுங்கள். பத்தவில்லை என்றால் பொட்டுக்கடலை, வெல்லம் இருக்கட்டும். ரெண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும்.

அடுப்பு விஷயத்தில் ரெண்டு எச்சரிக்கை. மழை பெய்தாலும் டென்ட்டுக்குள் அடுப்போ கரியோ பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். காட்டுக்குள் எங்கேயும் தீ மூட்டாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அனுமதி உள்ள கேம்ப் இடத்தில், காய்ந்த புல் இல்லாத வெறும் தரையில், கையடக்க கேஸ் ஸ்டவ், பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர். அதற்கு மேல் அங்கே அடுப்பு தேவைப்படாது.