பெற்றோல் சொட்டுவது எங்கிருந்து?



திருகோணமலை சீனன்குடாப் பக்கம் வேலை செய்யும் மருமகன் ஒருவர் மோட்டார் சைக்கிளிலேயே தோட்டத்துக்கு வந்திருந்தார். வண்டியைக் காம்பரா வாசலில் நிறுத்தினோம். விடியக்காலை எழும்பினால் ஒரே பெற்றோல் வாடை. இரண்டு எட்டுத் தள்ளி அடுப்பு! அன்றைக்கு யாரும் தேத்தண்ணிக்கு நெருப்பு மூட்டாதது நம்ம நல்ல காலம்.

சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்திருப்பீங்க. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் தாக்கியபோது அங்கே ஒரு தாங்கி எரிந்தது. அது கப்பலுக்கான கனத்த எண்ணெய், லேசில் பற்றாது. பெற்றோல் அப்படியில்லை. அதன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து அடுப்பு வரை போய்விடும். அதனால் முதல் வேலை, டெப்பை மூடி வண்டியை லயத்துக்கு வெளியே தள்ளிக்கொண்டு போவது. ஸ்டார்ட் பண்ண வேண்டாம். பீடி, குப்பி விளக்கு கிட்ட வரக்கூடாது. வெளிச்சத்துக்கு டோர்ச் போதும்.

நம்ம பையன்கள் எஞ்சினுக்கு அடியில் ஈரத்தைப் பார்த்து எஞ்சினைக் கழற்றவே கிளம்பிட்டாங்க. பெற்றோல் மேலே கசிந்து, வழிந்து, ஆகக் கீழே உள்ள இடத்தில்தான் சொட்டும். சொட்டுகிற இடம் வேறு, ஒழுகுகிற இடம் வேறு. எஞ்சின் ஆறிய பிறகு எல்லாவற்றையும் துணியால் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்க. முதலில் நனைகிற இடத்தைப் பார்த்து, மேலிருந்து கீழே வாங்க.

டெப்பை மூடியும் ஒழுகினால் கோளாறு டேங்கில் அல்லது டெப்பில். மூடியதும் நின்றால் ஹோஸ் அல்லது காபரேட்டர். நம்ம மருமகன் வண்டியில் மூடியும் நிற்கவில்லை. டேங்கோடு டெப்பைச் சேர்க்கிற இடத்தில் உள்ள றப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. பெற்றோலைக் கேனில் இறக்கி, டெப்பைக் கழற்றி, அதே அளவில் புது வளையம் போட்டதும் சரியாச்சு. சின்னச் சாமான்தான். ஆனால் நொடிக்கு ஒரு சொட்டு என்றாலும் ஓர் இரவில் அரை லீற்றருக்கு மேல் போகும். 2022இல் கியூஆர் அட்டைக்கு வாரம் 4 லீற்றர் வாங்க வரிசையில் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

காபரேட்டரின் கீழ்க் குழாயில் சொட்டினால் பெரும்பாலும் உள்ளே மிதவை ஊசியில் தூசி. கடற்கரை உப்புக் காற்றில் நிற்கும் வண்டிக்கு டேங்க் துருப் பிடித்து, அந்தத் துகள் வந்து சிக்குவதும் உண்டு. கிண்ணத்தைக் கழற்றிச் சுத்தம் பண்ணினால் அநேகமாக நிற்கும். ஒன்று கவனிங்க: எஞ்சின் ஒயிலில் பெற்றோல் வாடை அடித்தால் ஒயிலை மாற்றாமல் ஓட்ட வேண்டாம்.

ஹோஸ் வெடித்திருந்தால் பெற்றோலுக்கென்று விற்கும் ஹோஸையே வாங்குங்க. சேலைன் குழாய் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சீக்கிரம் விறைத்து வெடிக்கும். டேங்கில் ஊசி ஓட்டை என்றால் சவர்க்காரத்தைத் தேய்த்துக் கராஜ் வரை போகலாம், அவ்வளவுதான். வெல்டிங் வேலையை வீட்டில் தொடவே கூடாது, காலி டேங்கிலும் ஆவி நிற்கும். காபரேட்டர் இல்லாத புது மாதிரி வண்டிகளில் குழாய்க்குள் அழுத்தம் இருக்கும். அதைப் பாஸிடமே விடுங்க.

சில நேரம் கோளாறே இருக்காது. நுவரெலியாக் குளிரில் மூடி வரை நிரப்பிக்கொண்டு திருமலை வெயிலில் போய் நிறுத்தினால் பெற்றோல் விரிந்து மூடியால் வழியும். 10 லீற்றருக்கு 15 பாகை சூடு ஏறினால் ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு கூடும். கழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு அடியுங்க.

வேலை முடிந்ததும் வண்டிக்கு அடியில் பழைய மட்டை ஒன்றைப் போட்டு, இரவு முழுக்க வெளியிலேயே விட்டோம். காலையில் மட்டை காய்ந்திருந்தது. அதற்குப் பிறகுதான் அத்தை அடுப்பைப் பற்ற வைத்தார்.