வெயிலை அளந்து பருகும் இலை

முளைப்பாரியை இருட்டறையில்தான் வளர்ப்பார்கள். வெளிச்சம் எட்டாத சட்டியில் நவதானியம் நெடுநெடுவென எழும், நிறமோ வெளிர்மஞ்சள். விதைக்குள் சேர்த்துவைத்த உணவை எல்லாம் தண்டை நீட்டுவதிலேயே செலவிட்டு, அந்த முளை ஒளியைத் தேடுகிறது. பச்சையம் உருவாகும் வழியில் ஒரு படிக்கு வெளிச்சம் வேண்டும். அது படும்வரை அந்த வேலை அப்படியே நிற்கும். வெளியே எடுத்துவைத்தால் சில மணி நேரத்தில் பசுமை ஏறத் தொடங்கிவிடும். கண்ணில்லாத உயிருக்கும் ஒளியை அறியும் அறிவைக் கொடுத்தவன் எவ்வளவு பெரியவன்!

இருளையும் ஒளியையும் பிரித்தறிவது மட்டுமல்ல, ஒளியின் அளவையும் செடி அறியும். அதைக் காண வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நுழைய வேண்டும்.

வெற்றிலை, காட்டு மரங்களின் நிழலுக்கென்று படைக்கப்பட்ட கொடி. சோழவந்தானிலும் கும்பகோணம் பக்கத்திலும் முதலில் அகத்தியை விதைத்து, அது தலைதூக்கிய பிறகே கொடி நடுவார்கள். அகத்தியின் சிற்றிலைகள் வெயிலைச் சல்லடையில் சலித்ததுபோல் இறக்குகின்றன. நிழல் மிஞ்சினால் கிளை கழிப்பார்கள். தெளிந்த நாளின் உச்சிவெயில் சுமார் 1,00,000 லக்ஸ். வெற்றிலைக்கு அதில் ஒரு பங்கு போதும். நிழலில் இலை அகன்று, மெல்லிசாக, கரும்பச்சையாக விரியும். வெயில் நேரே தாக்கும் இடத்திலோ சிறுத்து, தடித்து, மஞ்சளோடும். கிடைக்கும் ஒளி குறைந்தால் ஏந்தும் பரப்பைக் கூட்டுவது எத்தனை பொருத்தமான ஏற்பாடு!

இலைக்குள் நடப்பது இன்னும் வியப்பு. பச்சையம் தாங்கும் பசுங்கணிகங்கள் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. மங்கிய ஒளியில் அவை செல்லின் முகப்பில் பரவி நின்று ஒளியை வாங்கும். வெயில் சுள்ளென்று ஏறினால் பக்கச் சுவர்களை ஒட்டி நகர்ந்து, ஒன்றன் நிழலில் மற்றொன்று ஒதுங்கிக்கொள்ளும். அப்படியும் மிஞ்சும் ஒளியை இலையிலுள்ள மஞ்சள் நிறமிகள் வெப்பமாக்கி வெளியேற்ற உதவுகின்றன. இல்லாவிட்டால் உணவாக்கும் அந்த ஒளியே இலையைச் சிதைத்துவிடும்.

கும்பகோணத்துக் காவிரிக் கரையிலேயே, மறைப்பே இல்லாத வயலில் கரும்பு நிற்கிறது. கரியமில வாயுவை இலைக்குள் செறிவாகச் சேர்க்கும் ஏற்பாடு அதற்கு உண்டு. அதனால் வெற்றிலை தாங்காத உச்சிவெயிலையும் அது சர்க்கரையாக்கிக்கொள்கிறது.