குனிந்த முதுகின் பாரம்

பில்லியர்ட்ஸ் வகையான பூல் ஆட்டத்தில் பந்தை அடிக்கும் கோலான கியூவின் எடை அரை கிலோவைச் சற்றே தாண்டும். பந்து 170 கிராமுக்கு மேல் போவதில்லை. இவற்றை நகர்த்தப் பெரிய பலம் வேண்டியதில்லை. ஆனாலும் போட்டி நாளின் முடிவில் ஆட்டக்காரருக்கு இடுப்பும் கழுத்தும் கனத்துப் போகின்றன. மேசையின் உயரம் முக்கால் மீட்டரும் கொஞ்சமும்தான். குறி பார்க்க, முகவாய் கியூவை ஒட்டி வர வேண்டும். முதுகு ஏறக்குறைய மேசையோடு படிகிறது. தலை மட்டும் நிமிர்ந்து முன்னே பார்க்கிறது. சில நொடி அசையாத நிலை, ஓர் அடி, நிமிர்ந்து நாலு எட்டு நடை, மறுபடியும் அதே குனிவு. ஒருமுறை தோற்றாலும் வெளியேற்றாத போட்டிகளில், தோற்றவர் தலையில் கூடுதல் ஆட்டங்கள் வந்து விழும்.

இறுகிய தசை தனக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களை நசுக்குகிறது. நடக்கும்போது தசை சுருங்கி விரிவதால் ரத்தம் வந்து போகும். அசையாமல் நின்றால் வரத்து குறைந்து கழிவு தேங்கும். முழு பலத்தில் 15 சதவீதத்துக்கும் குறைவாகத் தசையைப் பயன்படுத்தினால் களைப்பு வராது என்று ஜெர்மானிய ஆய்வாளர் வால்டர் ரோமெர்ட் 1960-இல் கணித்தார். அதைவிடச் சிறிய சுமையும் நேரம் நீண்டால் களைப்பைத் தரும் என்பது பின்னால் தெரியவந்தது. களைத்த தசை நடுங்கும். நொடிக்கு 8 முதல் 12 முறை துடிக்கும் மெல்லிய நடுக்கம் எல்லோர் கையிலும் இயல்பாகவே உண்டு. களைப்பும் பதற்றமும் மிகுந்த காபியும் அதைக் கூட்டிவிடும். நடுக்கத்தைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகளை, பில்லியர்ட்ஸ் வகை ஆட்டங்கள் அனைத்திலும் போட்டியின்போது உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை தடை செய்திருக்கிறது.

முதுகின் கதை வேறு. ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன், கீழ்முதுகின் முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க்கில் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நேராக நிற்பதைவிடச் சற்று முன்னால் சாய்ந்து நிற்கும்போது அது ஏறக்குறைய ஒன்றரை மடங்காகியது. முதுகை வளைத்து முழுதாகக் குனிந்தால் முதுகுத் தசைகள் ஓய்ந்துவிடும். பாரம் எலும்புகளைப் பிணைக்கும் நார்களில் தொங்கும். அந்த நார்கள் மெல்ல மெல்லத் தளர்ந்து நீளும். அவை பழைய நிலைக்குத் திரும்ப, தளர எடுத்த நேரத்தைவிட அதிக நேரம் பிடிக்கும்.

இந்த முழுக் குனிவிலேயே நாள் கழியும் வேலை, போடிநாயக்கனூருக்கு மேலே உள்ள ஏலத்தோட்டங்களில் நடக்கிறது. காலையில் ஆட்களை ஏற்றிய ஜீப்புகள் போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலைக்குப் போகின்றன. ஏலச்செடி ஆளை மிஞ்சி வளரும், காயோ அடியில். தூரில் கிளம்பும் சரம், மலபார் வகையில் தரையோடு படரும். ஒரே சரத்தில் எல்லாக் காயும் ஒன்றாக முற்றாது. பிஞ்சை விட்டு, முற்றியதை மட்டும் விரல் நுனியால் எடுக்க வேண்டும். அதே செடியிடம் சில வாரங்களில் மறுபடி வர வேண்டும். பூல் ஆட்டக்காரருக்கு ஒரு கையை ஊன்ற மேசை உண்டு, எதிராளி ஆடும் நேரத்தில் ஓய்வும் உண்டு. காய் எடுக்கும் பெண்ணுக்கு இரண்டும் இல்லை. காலடியில் சரிவும் ஈரமும்தான். போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் காயின் பருமனையும் நிறத்தையும் பார்த்து விலை வைக்கிறார்கள். அந்தக் காயை எடுத்த முதுகுக்கும், விளையாட்டு வீரரின் முதுகுக்குக் கிடைக்கும் அளவு கவனிப்பு கிடைத்தாக வேண்டும்.

இருவருக்கும் பொருந்தும் முதல் பாதுகாப்பு, முதுகை வளைக்காமல் இடுப்பு மூட்டில் மடிவது. கால்களை அகட்டி, பின்புறத்தைப் பின்னே தள்ளி, முழங்காலைச் சற்று மடக்கினால் பாரம் தொடைக்குப் போகும். தோட்டத்தில் மேட்டைப் பார்த்து நின்றால் செடியின் தூர் கைக்கு அருகில் வரும். பள்ளத்தைப் பார்த்து நின்றால் குனிவு கூடும். ஒரு முழங்காலை ஊன்றி எடுப்பதும் உதவும். அவ்வப்போது நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்து நாலைந்து முறை பின்னால் வளைவது தளர்ந்த நார்களுக்கு நல்லது. வேலை முடிந்தபின் எடுக்கும் நீண்ட ஓய்வைவிட, நடுநடுவே எடுக்கும் சிறு ஓய்வுகளுக்குப் பலன் அதிகம்.

ஆட்டக்காரர் எந்த ஷாட் என்பதை நின்றபடியே முடிவு செய்துவிட்டுக் குனிய வேண்டும். குனிந்தபின் சந்தேகம் வந்தால் நிமிர்ந்துவிடுவதே மேல். எதிராளி ஆடும்போது கூனி உட்காருவது ஓய்வாகாது. சாய்ந்து அமர்ந்து தோளைத் தளர்த்த வேண்டும். குளிரூட்டிய அரங்கில் தாகம் தெரியாது என்பதால் தண்ணீரை நினைவு வைத்துக் குடிக்க வேண்டும். வயிறு முட்டச் சாப்பிடுவதைவிட இட்லி, வாழைப்பழம் என்று பிரித்துச் சாப்பிடுவது நல்லது. மேசைக்கு வெளியே உடற்பயிற்சியும் உதவும்: பூலைப் போன்ற ஸ்னூக்கர் ஆட்டத்தில் பலமுறை உலகப் பட்டம் வென்ற ரோனி ஓ'சல்லிவன் நெடுந்தூர ஓட்டத்தைத் தன் பயிற்சியாக்கிக்கொண்டவர்.

களைப்பால் வரும் தசைவலி பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும். இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே இறங்கும் வலியும் மரத்துப்போதலும் நரம்பு அழுந்துவதன் அறிகுறியாக இருக்கலாம். மருத்துவரைப் பார்க்க வேண்டும். கால் பலமிழந்தாலோ சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.