தேதி கிழிக்கும் கை

காலையில் எழுந்ததும் உங்கள் வீட்டில் காலண்டரில் தேதி கிழிப்பது யார்? எங்கள் வீட்டில் அது மாமனாரின் வேலை. பல் விளக்கி, விபூதி பூசி, தினசரி காலண்டர் முன்னால் நின்று, நேற்றைய தாளை 'சரக்'கென்று ஒரே இழுப்பில் கிழிப்பார். பேரப் பிள்ளைகள்கூட அதில் கை வைக்க முடியாது. கிழித்த தாளையும் வீணாக்க மாட்டார். பின்பக்கத்தில் பால் கணக்கு, மளிகைக் கணக்கு எழுதி, கட்டுக் கட்டாக நூல் போட்டு வைப்பார். காரைக்குடியில் மொத்தக் கடை ஒன்றில் 40 வருஷம் கணக்கு எழுதிய கையாயிற்றே!

ஒருநாள் காலை அந்தச் சத்தம் கேட்கவில்லை. போய்ப் பார்த்தால், சுவரில் சாய்ந்தபடி நிற்கிறார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பேச்சு குழறியது. வலது கை தொங்கிப்போயிருந்தது. பக்கவாதம்!

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடியதால் பிழைத்தார். (இந்த மூன்று அறிகுறிகளில் ஒன்று திடீரென்று தெரிந்தாலும் வீட்டில் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி தேவைப்பட்டால், பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.) ஒரு மாதத்தில் பேச்சு தெளிந்தது. நடையும் வந்தது. கைதான் வரவில்லை. தோளைத் தூக்க முடிந்தது. விரல்கள் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை.

ஒரு கிண்ணத்தில் இருக்கும் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்து இன்னொரு கிண்ணத்தில் போடும் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு நாள் செய்தார். மூன்றாம் நாள் கிண்ணம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

"புளியங்கொட்டை பொறுக்கவா நான் உசுரோட இருக்கேன்? போத்தா..." என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்த முகம்தான் எங்களைப் பயமுறுத்தியது. கை விழுந்ததைவிட மனசு விழுந்துவிடக் கூடாதே!

கைக்கு வேலை வேண்டும்

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பெண்ணிடம் புலம்பினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஐயா ஆசையா செய்ற வேலை என்ன?"

"தேதி கிழிக்கிறது!" என்றேன் சிரித்துக்கொண்டே. அவர் சிரிக்கவில்லை. "அப்ப பேப்பர்லயே ஆரம்பிங்க" என்றார்.

காரணத்தையும் விளக்கினார். பக்கவாதத்தில் பழுதாவது கை அல்ல. கையை நடத்தும் மூளைப் பகுதி. அந்தப் பகுதி செய்த வேலையை மூளையின் மற்றப் பகுதிகள் ஓரளவு கற்றுக்கொள்ள முடியும். ஆனால், அதற்கு ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். வெறும் அசைவைவிட, ஒரு பொருளை உண்டாக்கும் வேலையாக இருந்தால் நோயாளி சலிக்காமல் செய்வார். எண்ணிக்கை தானாகவே கூடும்.

பேப்பரில் இன்னொரு சௌகரியம் உண்டு. பழைய பேப்பருக்குக் காசில்லை. தப்பாகக் கிழிந்தால் யாரும் திட்டப் போவதில்லை. அடுத்த தாளை எடுத்துக்கொள்ளலாம். 'என்னால் முடியவில்லையே' என்று கூசிப்போயிருக்கும் மனிதருக்கு இதைவிடத் தோதான பொருள் ஏது?

கோரைப்பாய் போல, கொட்டான் போல

முதலில் செய்தித்தாளைக் கிழிக்கச் சொன்னோம். செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராக வரும். குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். தாள் தயாராகும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிவதுதான் காரணம். வராத கைக்கு நேராகக் கிழியும் திசையைக் கொடுத்தால் முதல் நாளே நம்பிக்கை வருகிறது.

இடது கையால் தாளை அழுத்திக்கொண்டு, வலது கையால் இழுத்தார். ஒரு வாரத்தில் விரல் அகலத்துக்கு நாடா நாடாக வந்தது. பிறகு அந்த நாடாக்களைப் பின்னச் சொன்னபோது மாமனார் முகத்தில் ஒரு வெளிச்சம்!

"அட, இது ஓலை முடையிறதுல்ல! எங்க அப்பத்தா கொட்டான் முடைவாக. பக்கத்துல உக்காந்து ஓலை எடுத்துக் குடுத்திருக்கேன்" என்றார்.

பாவு, ஊடை என்று தறிக்குச் சொல்லும் அதே கணக்குதான் இது. நெடுக்கே ஓடும் நாடா பாவு. குறுக்கே மேலும் கீழுமாக நுழைவது ஊடை. ஜெர்மனியில் 1837-ல் குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கி, பின்னால் அதற்குக் 'கிண்டர்கார்டன்' என்று பேர் வைத்தாரே ஃப்ரோபெல், அவர் முறையிலும் காகிதம் பின்னுவது ஒரு பாடம். குழந்தையின் விரலுக்குக் கொடுத்த பாடம் தாத்தாவின் விரலுக்கும் பொருந்துகிறது!

வயதும் நோயும் தடுக்காத கலை

பின்னிய தாளை வேண்டிய வடிவத்தில் வெட்டி, அட்டையில் ஒட்டிப் படமாக்கினால் அது 'கொலாஜ்'. பிரெஞ்சு மொழியில் ஒட்டுவது என்று பொருள். இந்தக் கலையின் சரித்திரத்தைப் புரட்டினால் ஆச்சரியமாக இருக்கிறது. உடம்பு கைவிட்ட நேரத்தில் காகிதத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்!

இங்கிலாந்தில் மேரி டெலானி என்ற அம்மையார். 1768-ல் கணவரை இழந்தவர். 1772-ல், தமது 72-வது வயதில், வண்ணக் காகிதத்தை நுணுக்கி வெட்டி, கறுப்புத் தாளில் ஒட்டிப் பூக்களைச் செய்ய ஆரம்பித்தார். பத்தே வருஷத்தில் 900-க்கும் மேற்பட்ட பூக்கள்! கண் பார்வை மங்கிய பிறகுதான் நிறுத்தினார். அவை இன்றும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் பத்திரமாக இருக்கின்றன.

பிரான்சின் பெரிய ஓவியர் ஆன்றி மத்தீஸ், 1941-ல் புற்றுநோய்க்காக வயிற்றில் பெரிய ஆபரேஷன் செய்துகொண்டார். அதற்குப்பின் சக்கர நாற்காலியும் படுக்கையும்தான். நின்று வரைய முடியாத நிலையில் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். உதவியாளர்கள் வண்ணம் பூசித் தந்த காகிதங்களை வெட்டி வெட்டியே படமாக்கினார். 1954-ல் மறையும்வரை ஓயவில்லை.

நம் நாட்டிலேயே சாந்திநிகேதன் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி இருக்கிறார். பிறவியிலேயே பார்வை குறைந்தவர். 1950-களின் பிற்பகுதியில் கண் ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை முழுவதும் போய்விட்டது. ஓவியருக்குக் கண் போனால்? அவர் காகிதத்தைத் தடவித் தடவி வெட்டி, ஒட்டி, கொலாஜ் செய்தார். அவருடைய மாணவரான சத்யஜித் ரே, 1972-ல் அவரைப் பற்றி 'இன்னர் ஐ' என்ற குறும்படமே எடுத்தார்.

நீங்களும் செய்யலாம்

தேவை: பழைய கல்யாணப் பத்திரிகை, மாத காலண்டர் தாள், செய்தித்தாள், ஒரு அட்டை, முனை மழுங்கிய கத்தரிக்கோல், பசை.

1. கெட்டியான தாளை எடுத்து, ஒரு ஓரத்தில் விரல் அகலம் விட்டுவிட்டு, மீதியை நாடா நாடாக வெட்டுங்கள். ஓரம் சேர்ந்தே இருப்பதால் கலையாது. இது பாவு.

2. வேறு நிறத் தாளில் தனித்தனி நாடாக்கள் வெட்டுங்கள். இவை ஊடை. முதல் நாடா மேல்-கீழ், மேல்-கீழ் என்று போனால், அடுத்தது கீழ்-மேல் என்று போக வேண்டும்.

3. ஒவ்வொரு நாடாவையும் நெருக்கித் தள்ளி, நுனியில் பசை தொட்டு ஒட்டுங்கள்.

4. இதுதான் ரகசியம்: வெட்டுவதற்கு முன் பின்பக்கம் முழுக்க ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, நன்றாகக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் கத்தரி பட்டதும் பின்னல் பிரிந்துவிடும்.

5. மீன், பானை, வீடு என்று பிடித்த வடிவத்தை வெட்டி அட்டையில் ஒட்டுங்கள்.

மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் பசை ரெடி. போஸ்டர் ஒட்டுபவர்கள் பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் சேர்ப்பது உண்டு. அது விஷம், வீட்டில் வேண்டவே வேண்டாம். கொஞ்சமாகக் காய்ச்சி அன்றன்றே தீர்த்துவிடுங்கள்.

கவனம் தேவை

கடை பில்லாக வரும் வழவழத் தாளை ஒதுக்கிவிடுங்கள். அதில் ரசாயனப் பூச்சு இருக்கிறது. செய்தித்தாளைத் தொட்டால் மை ஒட்டும். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

பக்கவாதக்காரர்கள் முழங்கையை மேஜைமேல் தாங்கலாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவைக்கு 15 நிமிஷம் போதும். தோள் வலித்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். மூட்டுவாதத்தால் விரல் வீங்கியிருக்கும் நாளில் ஓய்வுதான் நல்லது. சர்க்கரை நோயால் விரல் மரத்தவர்களுக்குக் கத்தரி பட்டாலும் தெரியாது. பக்கத்தில் ஆள் வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். இது மருந்துக்குப் பதில் இல்லை. மாமனார் ரத்தக்கொதிப்பு மாத்திரையை ஒருநாளும் விடவில்லை. டாக்டர் சொன்ன மற்றப் பயிற்சிகளையும் முணுமுணுத்துக்கொண்டே செய்தார்.

ஒரு கொட்டான் படம்

இரண்டாவது மாதம் ஒருநாள், "அந்தக் கட்டை எடுத்தாத்தா" என்றார். அவர் நூல் போட்டு வைத்திருந்த தேதித் தாள்கள்!

"மாமா, அதுல உங்க கணக்கெல்லாம் இருக்கே..." என்று தயங்கினேன்.

"பால்காரருக்கு எப்பவோ குடுத்து முடிச்ச கணக்குத்தானே? வெட்டு" என்றார்.

அந்தச் சின்னத் தாள்களை நுனியோடு நுனி ஒட்டி நாடாவாக்கினோம். கறுப்பு எண்களுக்கு நடுவே ஞாயிற்றுக்கிழமைச் சிவப்பு. இடையிடையே அவருடைய பழைய முத்து முத்தான கையெழுத்து. அதையெல்லாம் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, ஒரு கொட்டான் வடிவத்தில் வெட்டி அட்டையில் ஒட்டினார். விளிம்பு கொஞ்சம் கோணல்தான். பசை வழிந்த தடமும் தெரியும். ஹாலில் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள் எல்லாரும், "யாரு செஞ்சது?" என்று கேட்கிறார்கள். "நான்தான்" என்று சொல்லும்போது குரல் நிமிர்கிறது.

அந்தக் கையெழுத்து இன்னும் திரும்பவில்லை. எழுதினால் எறும்பு ஊர்ந்த மாதிரிதான் இருக்கிறது. ஆனால், சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறார். சோற்றைப் பிசைந்து சாப்பிடுகிறார்.

நான்காவது மாதத்தில் ஒரு காலை. அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். ஹாலில் ஒரு சத்தம். பழையபடி 'சரக்'கென்று இல்லை. மெல்ல, இரண்டு மூன்று இழுப்பாக. எட்டிப் பார்த்தேன். கையில் தேதித் தாளோடு நிற்கிறார். மேல் ஓரம் கிழியாமல் காலண்டரிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

"நாளைக்குச் சரியா வந்துரும்" என்றார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பர்காரர் வாசலில் குரல் கொடுத்தால், எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நாலு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் அந்தக் கையிடம் கொடுத்துப் பாருங்களேன்!