மாட்டைப் படிக்க ஒரு முதுமாணிப் பட்டமா?

கடந்த மாதம் ஒரு வாப்பா என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். அவரது மகள் விவசாய விஞ்ஞானத்தில் நல்ல சித்தியுடன் இளமாணிப் பட்டம் பெற்றவர். இப்போது விலங்கு விஞ்ஞானத்தில் முதுமாணி செய்ய வேண்டும் என்கிறார். "சேர், மாட்டைப் படிக்கிறதுக்கு இன்னும் ரெண்டு வருஷமா? ஊர்ல சொன்னா சிரிப்பாங்களே" என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில் இதே வார்த்தைகளை ஒரு காலத்தில் நானே சொல்லியிருக்கிறேன். கல்வியியற் கல்லூரியில் விவசாயப் பாடத்தில் பயிற்சி பெற்று, ஆசிரியராகி, இரண்டு மூன்று வருடங்களே ஆன காலம் அது. வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். அவனது குடும்பத்துக்குப் பெரிய மாட்டுப்பட்டி இருந்தது. கால்நடை பற்றிய பாடம் வந்தால் என்னைவிட அவனுக்கே அதிகம் தெரியும். அதையே மேற்கொண்டு படிக்க வழி இருக்கிறதா என்று கேட்டான். "மாடு பார்க்க வாப்பா இருக்கிறார்தானே, நீ வேறு ஏதாவது படி" என்று சொல்லி அனுப்பினேன். அவன் வேறு எதுவும் படிக்கவில்லை. வெளிநாடு போனான். பட்டியும் பின்னர் விற்கப்பட்டது. அந்தப் பதிலை இன்றும் நினைத்து வருந்துகிறேன்.

அதற்குப் பிறகு என்னிடம் படித்த மூவர் இத்துறையில் முதுமாணிப் பட்டம் பெற்றிருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டறிந்ததைப் பெற்றோருக்கும் பட்டதாரிகளுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கு எழுதுகிறேன்.

இது மிருக வைத்தியப் படிப்பல்ல

முதலில் தெளிவாக வேண்டிய விடயம் இதுதான். விலங்கு விஞ்ஞானத்தில் முதுமாணி முடித்தவர் மிருக வைத்தியர் ஆகிவிடுவதில்லை. நம் நாட்டில் மிருக வைத்தியப் பட்டத்தைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய, விலங்கு விஞ்ஞான பீடம் வழங்குகிறது. நோயுற்ற விலங்குக்குச் சிகிச்சை அளிப்பது அந்தப் பட்டம் பெற்றுப் பதிவு செய்தவரின் வேலை.

விலங்கு விஞ்ஞானம் படித்தவரின் கேள்விகள் வேறு. இந்தப் பசு ஏன் ஒன்றிரண்டு லீற்றருடன் நின்றுவிடுகிறது? எந்தத் தீவனத்தை எவ்வளவு கொடுத்தால் செலவுக்கு மேல் வரவு வரும்? எந்த இனத்தோடு கலந்தால் நம் வெயிலைத் தாங்கும் கன்று கிடைக்கும்? பால் ஏன் கெடுகிறது? போசணை, இனவிருத்தி, இனப்பெருக்கம், பால் மற்றும் இறைச்சித் தொழினுட்பம், பண்ணை முகாமைத்துவம் ஆகியவையே இப்படிப்பின் பகுதிகள்.

எந்த முதுமாணி?

"மாஸ்டர்ஸ்" என்ற ஒரே பெயரில் நாம் அழைப்பவை உண்மையில் ஒன்றல்ல. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி பாடநெறியை மட்டும் கொண்ட முதுமாணி 9ஆம் மட்டம். பாடநெறியுடன் ஆய்வும் சேர்ந்தது 10ஆம் மட்டம். முழுக்க ஆய்வாகச் செய்யும் முதுதத்துவமாணி 11ஆம் மட்டம். கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டம்.

ஏற்கெனவே தொழிலில் இருப்பவருக்கு முதலாவது போதுமானதாக இருக்கலாம். விரிவுரையாளராகவோ ஆய்வாளராகவோ வர விரும்புபவர் ஆய்வு உள்ளதைத் தேட வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல் விண்ணப்பித்துவிட்டுப் பின்னர் வருந்துபவர்கள் உண்டு. பேராதனையில் 1975இல் தொடங்கப்பட்ட விவசாயப் பட்டப்பின்படிப்பு நிறுவகத்தில் விலங்கு விஞ்ஞானத்துக்கென ஒரு கற்கைச் சபை இருக்கிறது. பலர் அங்குதான் செல்கிறார்கள்.

நான்கு பசுக்களும் பன்னிரண்டு வாரங்களும்

எனது மாணவிகளில் ஒருவர் வைக்கோலைப் பற்றி ஆய்வு செய்தார். வைக்கோலில் ஆய்வு செய்ய என்ன இருக்கிறது என்று நானும் கேட்டேன். அவர் விளக்கினார்.

மாட்டின் இரைப்பையில் நான்கு அறைகள் உள்ளன. முதல் அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. புல்லையும் வைக்கோலையும் உடைத்துக் கொடுப்பவை அவையே. அந்த நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்யத் தீவனத்தில் சுமார் 7 சதவீதம் புரதம் வேண்டும். வெறும் வைக்கோலில் இருப்பதோ 4 சதவீதமளவில்தான். அதனால் மாடு வயிறு நிறைய வைக்கோல் தின்றும் மெலிகிறது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் முழுமையாகக் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் சில வாரங்கள் மூடி வைத்தால் வைக்கோல் இளகும், புரத அளவும் உயரும். அளவு தவறினால் அதே யூரியா நஞ்சாகும். இளங்கன்றுகளுக்கு இதைக் கொடுக்கவே கூடாது.

இந்த முறை புதியதல்ல. அவரது கேள்வி, இத்துடன் வேறு எதைச் சேர்த்தால் பால் கூடும் என்பது. அதற்கு நான்கு பசுக்கள், நான்கு தீவனங்கள், நான்கு காலப்பகுதிகள். ஒவ்வொரு பசுவும் நான்கு தீவனங்களையும் மாறி மாறி உண்ண வேண்டும். இல்லாவிட்டால் பால் கூடியது தீவனத்தாலா, அந்தப் பசுவின் இயல்பாலா என்று பிரித்தறிய முடியாது. ஒரு காலப்பகுதி மூன்று வாரம். முதல் இரண்டு வாரம் பசு புதிய தீவனத்துக்குப் பழக, கடைசி வாரம் அளவெடுக்க. மொத்தம் பன்னிரண்டு வாரங்கள்.

சுபஹுடன் எழுந்து தொழுவத்துக்குப் போக வேண்டும். போட்ட தீவனத்தையும் மிச்சத்தையும் நிறுக்க வேண்டும். பாலை அளக்க வேண்டும். சாணத்தைச் சேர்த்து நிறுத்து, உலர்த்தி, ஆய்வுகூடத்தில் நைதரசன் அளவைக் கண்டு, அதை 6.25ஆல் பெருக்கினால் புரத அளவு வரும். "சேர், முதல் வாரம் மணம் தாங்காமல் சாப்பிட முடியவில்லை. மூன்றாம் வாரம் அந்த மணமே தெரியவில்லை" என்றார்.

பத்தாவது வாரத்தில் ஒரு பசுவுக்கு மடியழற்சி வந்தது. பால் குறைந்தது. அந்தக் காலப்பகுதியின் அளவுகள் பயனற்றுப் போயின. "கிட்டத்தட்ட ஓர் இலக்கத்தைப் போடு, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று கூடப் படித்த ஒருவர் சொல்லியிருக்கிறார். இரவு முழுதும் அழுதுவிட்டு, மறுநாள் மேற்பார்வையாளரிடம் நடந்ததைச் சொன்னார் இவர். அந்த அளவைத் தவறிய தரவாகக் காட்டிப் புள்ளிவிபரப் பகுப்பாய்வு செய்ய முறை இருக்கிறது என்று அவர் கற்றுக்கொடுத்தார். ஆய்வேட்டில் அது அப்படியே எழுதப்பட்டது. அந்தப் பட்டத்தில் தான் கற்ற பெரிய பாடம் அதுவே என்கிறார் மாணவி. ஆசிரியராக நானும் அதையே சொல்வேன்.

கஷ்டங்கள்

மூவரும் ஒரே குரலில் சொன்ன முதலாவது கஷ்டம் ஆங்கிலம். தமிழ் மொழியில் உயர்தரம் படித்தவருக்கு, பட்டப்படிப்பில் ஓரளவு பழகியிருந்தாலும், நூறு பக்க ஆய்வேடு எழுதுவது வேறு விடயம். இரண்டாவது புள்ளிவிபரவியல். விலங்கைப் படிக்கப் போனவர்கள் கணக்கில் தடுமாறுகிறார்கள். மூன்றாவது பணம். அனுமதிக் கட்டணம் மட்டுமல்ல, தீவனம், இரசாயனப் பொருட்கள், பயணம் எல்லாம் செலவுதான். நிதியுள்ள ஆய்வுத் திட்டத்தில் இணைந்தால் பாரம் குறையும். ஆகவே விண்ணப்பிக்கும் முன்னரே, எந்தப் பேராசிரியர் எந்த ஆய்வைச் செய்கிறார், அதற்கு நிதி உண்டா என்று கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கமில்லை.

மற்றொரு மாணவர் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கு இது இரண்டு வருடப் படிப்பு. வகுப்பில் விரிவுரையாளரின் கருத்தை மறுத்துப் பேசும்படி கேட்கப்பட்டபோது முதல் மாதம் வாயே திறக்கவில்லை என்றார். பதினெட்டு வருடங்களாக மனனம் செய்யவே பழக்கியிருந்தோம். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

படித்தால் வேலை கிடைக்குமா?

பட்டம் பெற்ற மறுநாள் அரச நியமனம் வரும் என்று நினைப்பவர் இப்படிப்புக்கு வராமலிருப்பது நல்லது. தீவன உற்பத்தி, கோழிப்பண்ணை, பால் பதனிடல், தரக் கட்டுப்பாடு, ஆய்வு நிறுவகங்கள், பல்கலைக்கழகங்கள் என்று வழிகள் உண்டு. எனது மூன்றாவது மாணவர் கோழித் தீவன நிறுவனம் ஒன்றில் வேலை செய்துகொண்டே பாடநெறி முதுமாணியை முடித்தார். இப்போது அங்கு தீவனக் கலவையைத் தீர்மானிப்பவர் அவர்தான். முதலாமவர், ஆய்வு முடித்தபின் ஒரு வருடத்துக்கு மேல் வேலையின்றி இருந்தார். இரண்டையும் பெற்றோர் தெரிந்திருக்க வேண்டும்.

நமக்கு ஏன் இது வேண்டும்?

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் கடந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் குளிரில் விறைத்து இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். வெயில் பூமியில் மாடு குளிரால் சாகுமா என்று பலர் வியந்தார்கள். தோல் நனைந்து காற்றும் வீசினால் உடற்சூடு வேகமாக இறங்கும். அதை ஈடுசெய்ய உள்ளே எரிபொருள் வேண்டும். மெலிந்த மாட்டில் கொழுப்பு இல்லை. வெறும் வயிற்றில் செரிமானச் சூடும் இல்லை. புயல் எச்சரிக்கை கேட்டவுடன் காற்று மறைப்பையும் உலர்ந்த வைக்கோலையும் தயார் செய்யுங்கள் என்று பட்டிக்காரருக்கு, அவரது மொழியில், முன்கூட்டியே சொல்ல அருகில் ஒருவர் இருந்திருந்தால் சில மாடுகளாவது தப்பியிருக்கலாம்.

அதே வருடம் பால்மாவுக்காக நாம் வரிசையில் நின்றோம். அதே வருடத்திலும் அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோலை எரித்தோம். மாடு வளர்ப்பு நம் ஊர்களில் தலைமுறைகளாக இருக்கிறது. பட்டிக்காரரின் அனுபவம் பெறுமதியானது. ஆனால் மேய்ச்சல் நிலம் சுருங்கும்போது, தீவன விலை ஏறும்போது, காலநிலை மாறும்போது அந்த அனுபவம் மட்டும் போதவில்லை. அளந்து பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் நம் பிள்ளைகளிலிருந்தும் வர வேண்டும்.

வந்திருந்த வாப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பிறகு மகளிடம் மூன்று கேள்விகள் கேட்கச் சொன்னேன். எந்தப் பிரச்சினைக்கு விடை தேடப் போகிறாய்? எந்த வகை முதுமாணி? செலவுக்கு என்ன வழி? நேற்று அவர் தொலைபேசியில் அழைத்தார். மூன்றுக்கும் மகளிடம் பதில் இருந்ததாம். எருமைத் தயிர் சில நாட்களில் ஏன் புளித்துவிடுகிறது, அதை எப்படி நீண்ட நாள் வைத்திருப்பது என்பதைத்தான் தேடப் போகிறாராம்.

"நம்ம ஊர்த் தயிர்தானே சேர், படிக்கட்டும்" என்றார் வாப்பா.

பல வருடங்களுக்கு முன் அந்த மாணவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலும் அதுதான்.