உங்கள் வீட்டுச் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது?

வாடகை வீட்டுக்குக் குடிபோகும் நாளில் வீட்டுக்காரர் இரண்டு சாவிகளைக் கையில் தருவார். “ரெண்டே ரெண்டுதான் சார், பத்திரமா வச்சுக்குங்க” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். முன்பு குடியிருந்தவர் கல்லூரிக்குப் போகும் மகளுக்கென்று ஒன்று வெட்டியிருப்பார். காலி வீட்டைக் காட்டுவதற்காக புரோக்கரிடம் ஒன்று போயிருக்கும். வெள்ளையடிக்க வந்தவர்கள் ஒரு வாரம் கையில் வைத்திருந்திருப்பார்கள். தெருமுனைச் சாவிக்கடையில் நகலெடுக்கச் சில நிமிடம் போதும். யார் வீட்டுச் சாவி என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

சாவி சிக்கினால், பூட்டு துருப்பிடித்தால் மாற்றலாம் என்றுதான் நம்மில் பலர் இருக்கிறோம். பழுதான பூட்டு உங்களை வெளியே நிற்க வைக்கும். எரிச்சல்தான், ஆபத்து குறைவு. நன்றாகத் திறக்கிற பூட்டுக்கு எத்தனை சாவி ஊரில் உலவுகிறது என்று தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. ஆகவே சாவிக்கணக்கு தவறிய நாளே பூட்டை மாற்றும் நாள். புதிதாகக் குடிபோகும்போது, கட்டுமான வேலை முடிந்து ஆசாரியும் பெயின்டரும் கிளம்பியபின், சாவி வைத்திருந்த வேலையாள் நின்றுவிட்டபின், திருட்டோ திருட்டு முயற்சியோ நடந்தபின் என எல்லாச் சமயத்துக்கும் இதே கணக்குத்தான். ஆதாரோ ஓட்டுநர் உரிமமோ இருந்த கைப்பையோடு சாவியும் தொலைந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். சாவியோடு முகவரியையும் கொடுத்தனுப்பியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. சாவியின் தெளிவான புகைப்படம் இருந்தாலே அதன் பற்களைக் கணித்து இன்னொன்று வெட்டிவிட முடியும். புது வீட்டுச் சாவியை விரித்துப் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதை விட்டுவிடலாம். சில சாவிகளின் தலையில் பொறித்திருக்கும் எண்ணும் அப்படித்தான். அந்த எண்ணை வைத்தே நகல் செய்யக்கூடிய பூட்டுகள் உண்டு.

காப்பீடு எடுத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. வீட்டுக்கோ கடைக்கோ எடுக்கும் களவுக் காப்பீட்டில், பலவந்தமாக உடைத்து நுழைந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். அப்படி நிபந்தனை இருந்தால், பலவந்தத்தின் அடையாளம் இல்லாத திருட்டுக்கு இழப்பீடு கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2004-ல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. கள்ளச்சாவி போட்டுத் திறந்து, எடுத்துக்கொண்டு, மறுபடி பூட்டிவிட்டுப் போனவன் என்ன அடையாளத்தை விட்டிருப்பான்? சாவி போட்டுத் திறந்த திருட்டை நேரடியாகவே விலக்கிவைக்கும் பாலிசிகளும் உண்டு. பாலிசிப் பத்திரத்தின் பொடி எழுத்தில் இந்தப் பகுதியை மட்டுமாவது படியுங்கள். சாவி தொலைந்தால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பூட்டு மாற்றிய பில்லையும் அதோடு சேர்த்து வையுங்கள்.

மாற்றுவது எப்படி என்பதற்கு வருவோம். கதவுக்குள் பதிக்கும் பூட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு முழுப் பூட்டையும் கழற்ற வேண்டியதில்லை. சாவி நுழையும் உருளையை, கடைக்காரர் மொழியில் சிலிண்டரை, மட்டும் மாற்றினால் பழைய சாவிகள் எல்லாம் செல்லாமல் போய்விடும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கவாட்டு விளிம்பைப் பாருங்கள். சிலிண்டருக்கு நேராக நீளமான திருகு ஒன்று இருக்கும். அதைக் கழற்றி, சாவியைப் போட்டு லேசாகத் திருப்பினால் ஒரு கோணத்தில் சிலிண்டர் நழுவி வெளியே வரும். பழையதைக் கடைக்கே எடுத்துப் போவது நல்லது. இல்லையென்றால் திருகுத் துளையிலிருந்து இரு முனைக்கும் தனித்தனியாக மில்லிமீட்டரில் அளந்து போங்கள். வெளிப்பக்கம் தகட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் சிலிண்டரை வாங்காதீர்கள். இடுக்கியால் பற்றி முறிக்க அதுவே பிடியாகிவிடும். புதியதை மாட்டியதும், கதவு திறந்திருக்கும்போதே எல்லாச் சாவிகளையும் போட்டுத் திருப்பிப் பார்த்த பிறகுதான் சாத்த வேண்டும்.

தொங்குபூட்டு என்றால் கதையே வேறு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உள்ளே நெம்புத் தகடுகளைக் கையால் ராவிப் பொருத்தும் அந்த மாங்காய்ப் பூட்டுகளை விரும்பி வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பூட்டு எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், அது தொங்கும் நாதாங்கி அரை அங்குலத் திருகில் நிற்கிறது என்றால் கடப்பாரைக்கு வேலை அரை நிமிடம்தான். திருடர்கள் பூட்டோடு மல்லுக்கட்டுவதில்லை; கொண்டியைப் பெயர்க்கிறார்கள். பூட்டுக்குச் செலவழிக்கும் பணத்தில் கொஞ்சத்தை நாதாங்கிக்கும் கீலுக்கும் ஒதுக்கி, நிலைக்குள் ஆழமாக இறங்கும் திருகுகளைப் போடச் சொல்லுங்கள். சாவி சிக்குகிறதென்று தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கத்தையும் நிறுத்தலாம். அது தூசியைப் பிடித்துவைத்து நாளடைவில் பூட்டையே கெடுக்கும். கிராபைட் தூள் போதும்.

விரல்ரேகை, எண் போட்டுத் திறக்கும் மின்னணுப் பூட்டுகளுக்கும் சாவிக்கணக்கு உண்டு. கம்பெனி கொடுத்த எண்ணை முதல் நாளே மாற்றுங்கள். வேலையை விட்டவரின் ரேகையை அன்றே நீக்குங்கள். அவசரத்துக்குக் கொடுக்கும் உலோகச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பயன் இல்லை, மின்கலம் தீரும்போது நீங்கள் வெளியேதான் நிற்பீர்கள்.

அலுவலகங்களில் யாரிடம் எந்தச் சாவி என்று ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கி வைப்பது போதுமான ஒழுங்கு. அங்கே பெரிய ஆபத்து நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. திருட்டுக்குப் பயந்து பின்வாசலையும் அவசர வழியையும் பூட்டிச் சாவியை மேனேஜர் பையில் போட்டுக்கொள்கிறார்கள். நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் 1911 மார்ச் 25 அன்று தீப்பிடித்தபோது மாடிப்படிக்கான கதவு ஒன்று பூட்டியிருந்தது. அன்று இறந்தவர்கள் 146 பேர். வெளியேறும் வழிக் கதவு உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்க வேண்டும் என்பது நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பிலும் உள்ளது. வீட்டிலும் இரவில் உள்பக்கம் பூட்டிச் சாவியை ஒளித்து வைக்கிறவர்கள் இதை யோசிக்கட்டும்.

இனி உரிமை. வாடகைக்கு இருப்பவர் பூட்டை மாற்றலாமா? தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, கதவின் பூட்டு, கைப்பிடி மாற்றும் வேலையை வாடகைதாரர் கணக்கில்தான் வைத்திருக்கிறது. செலவும் அவருடையது. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாற்றுங்கள். பழைய பூட்டை எடுத்துவைத்து, காலி செய்யும்போது திரும்ப மாட்டிக் கொடுங்கள். வீட்டுக்காரர் உள்ளே வர வேண்டுமென்றால் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். அவரிடம் மாற்றுச்சாவி இருப்பது, நினைத்தபோது நுழைவதற்கான அனுமதி ஆகாது.

வாடகை பாக்கி என்பதற்காக வீட்டுக்காரர் தன் பூட்டைப் போட்டு ஆளை வெளியே நிறுத்தவும் முடியாது. பாக்கி எத்தனை மாதமானாலும் வெளியேற்றும் அதிகாரம் வாடகை நீதிமன்றத்துக்கே உண்டு. வாடகைக்காரர் பூட்டிக்கொண்டு காணாமல் போனாலும் வீட்டுக்காரருக்கு வழி அதுதான். ஆத்திரத்தில் பூட்டை உடைத்தால், உள்ளே இருந்த நகை எங்கே என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்ல வேண்டிவரும்.

குடும்பத் தகராறில் மனைவி வெளியே போயிருக்கும் நேரம் பார்த்துப் பூட்டை மாற்றுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-ன்படி, வீடு யார் பெயரில் இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமை அவருக்கு உண்டு. மாமனார் பெயரிலுள்ள வீட்டுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவாக்கியது. 181 என்ற எண்ணை அழைத்தால் பாதுகாப்பு அலுவலரை அணுக வழிகாட்டுவார்கள். வீட்டுக்குள் அனுமதிக்கும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிட முடியும்.

வாடகைக்கு இருந்தவரை வெளியே நிறுத்திப் பூட்டிவிட்டால் முதலில் பூட்டிய கதவைத் தேதி தெரியும்படி படமெடுங்கள். வாடகை ஒப்பந்தம், ரசீது, மின்கட்டண ரசீது எதுவானாலும் சேகரியுங்கள். 112-ஐ அழையுங்கள். “இது சிவில் விவகாரம்” என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பினால் புகாரைத் தபாலில் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு, மாநகரமானால் ஆணையருக்கு அனுப்புங்கள். வக்கீலிடம் போகும்போது ‘குறித்த வகைத் தீர்வுகள் சட்டம் 1963, பிரிவு 6’ என்று நீங்களே எடுத்துச் சொல்லலாம். சட்டப்படியான நடவடிக்கை இல்லாமல் வெளியேற்றப்பட்டவர், சொத்து யாருடையது என்ற வழக்குக்குள் போகாமலேயே அனுபவத்தைத் திரும்பக் கேட்க அது இடம் தருகிறது. அதற்குக் கெடு ஆறு மாதம். வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து அது ஓடத் தொடங்கிவிடும். பெரியவர்களை வைத்துச் சமாதானம் பேசிக்கொண்டிருந்தாலும் நிற்காது.